கங்கில் போட்ட குங்கிலியம்

சூளகிரியில் எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. சாம்பிராணியும் குங்கிலியமும் விற்றோம். கடை என் வீட்டுக்காரருடையது, மூக்கு என்னுடையது என்று ஊரே கேலி பேசும். குடகுப் பக்கம் மழை ஓயாத காட்டில் நிற்கும் மரத்தின் கருங்குங்கிலியத்தை ஒரு கன்னடக்காரர் மூட்டையாகக் கொண்டுவருவார். மூட்டைக்கு ஒரு துண்டெடுத்துக் கங்கில் போடுவேன். நல்ல சரக்கென்றால் எலுமிச்சைத் தோலைக் கிள்ளியதுபோல எண்ணெய் வாசனை முதலில் வரும், அப்புறம்தான் புகை. நான் தலையாட்டினால்தான் வீட்டுக்காரர் வாங்குவார்.

1950களில் ஒரு மழைக்காலம், எங்கள் மூன்று வயது மகள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். உடலைப் போர்த்தும் கபன் துணிக்குப் புகை போட, இருந்ததிலேயே உயர்ந்த கட்டியை அவரே பொறுக்கி எடுத்தார். அந்த வாசனை நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு எனக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. குழம்பு தீய்ந்தால்கூடப் பக்கத்து வீட்டுக்காரி வந்து சொல்ல வேண்டும். அழுகையும் வரவில்லை. சோறு வடித்தேன், துணி துவைத்தேன், அவ்வளவுதான்.

அவரோ மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்ததும் கடையைத் திறந்துவிட்டார். போட்டதைச் சாப்பிட்டார். சரியான கல்லுளிமங்கன் என்று மனசுக்குள் திட்டினேன். அதையும் கோபமில்லாமல்தான் திட்டினேன்.

நாற்பதாம் நாள் கழிந்ததும் புதுச் சரக்கு வந்தது. கங்கில் போட்டேன். புகை கண்ணை எரித்தது, மூக்கில் ஒன்றுமில்லை. வீட்டுக்காரரும் குனிந்து மோந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எப்படி?"

மூக்கு போச்சு என்று சொன்னால் கடை என்னாவது?

"நல்ல சரக்குதாங்க."

எல்லா மூட்டையையும் இறக்கச் சொல்லிவிட்டார்.

ஒரு வாரத்தில் பக்கத்து ஊர் விவசாயி வீட்டம்மா பொட்டலத்தோடு வந்து கத்தினாள். "ஏங்க பாய், கொழந்தைக்கு தலைக்கு ஊத்தி இத புகை போட்டேன். வீடே தாரு கொதிக்கிற நாத்தம்! பச்சப்புள்ளைக்கு மூச்சு முட்டிப் போச்சு. உங்க மூக்க எங்கனா அடகு வச்சிட்டீங்களா?"

"புள்ள இப்ப எப்படிம்மா இருக்கு?" என்றார் அவர்.

"அல்லாரும் சேர்ந்து விசிறினோம். நல்லாருக்கு."

அவள் போனதும் கடையைச் சாத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். "என் தப்புங்க," என்றேன். "புள்ள போன நாள்லருந்து எனக்கு வாசனையே தெரியல. பொய் சொல்லிட்டேன்."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"தாரு நாத்தம் புடிக்க உன் மூக்கு எதுக்கு? பக்கத்துல நின்னு நானும்தான மோந்தேன். எனக்கும் ஒரு வாசனையும் வரல. நீ சொல்றியேன்னு வாங்குனேன்."

சோறு போடட்டுமா என்று மட்டும் கேட்டேன்.

"போடு," என்றார். "இத்தன நாளா நீ போட்டது என்ன கொழம்புன்னுகூட எனக்குத் தெரியாது."

கையில் தட்டை வைத்துக்கொண்டு, மகள் போன பிறகு முதல் தடவையாக அழுதேன்.