உப்பில்லாக் கஞ்சி

எங்கள் வீட்டில் அதட்டுகிற ஆள் நான்தான். அம்மா கெஞ்சுவாள், அப்பா சிரித்து மழுப்புவார், மகள் நான் கத்துவேன். எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் அப்பாவின் கண் மஞ்சளானபோது, அவருடைய பத்தியத்துக்குக் காவல் நிற்கும் வேலை யாரும் சொல்லாமலே என் தலையில் விழுந்தது. எனக்கு இருபத்தாறு வயது. கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு மிளகுக் கம்பெனியில் டைப்பிஸ்ட். அப்பா அதே தெருவில் சுக்கு கோடவுனில் மேஸ்திரி. ஒரு துண்டு சுக்கை உடைத்து மோந்து பார்த்தே அது எந்தத் தரம் என்று சொல்லிவிடுவார்.

காமாலை என்றால் எங்கள் பக்கத்தில் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டார்கள். சுள்ளிக்கல்லில் ஒரு வைத்தியர் இருந்தார். கீழாநெல்லியை அரைத்துப் பாலில் கலக்கி வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். எண்ணெய் கூடாது, புளி கூடாது, மீன் கூடாது, முக்கியமாக உப்பு கூடவே கூடாது. கண் வெளுத்த பிறகுதான் கஞ்சியில் உப்பு சேரும். கண் வெளுக்காமலே ஒருவருக்கு உப்பு கொடுத்தார்கள் என்றால், அந்த வீட்டில் நம்பிக்கையை விட்டுவிட்டார்கள், ஆசைப்பட்டதைத் தின்னட்டும் என்று விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்பாவே ஒருமுறை காமாலையில் கிடந்த கோடவுன் சிநேகிதர் ஒருவரைப் பார்த்துவிட்டு வந்து, "மீன்கறி குடுக்கத் தொடங்கிட்டாவ. இனி ரொம்ப நாள் இல்ல" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

ஆனால் அப்பாவுக்கு உப்பில்லாமல் ஒரு வாய் இறங்காது. முதல் வாரம் சமாளித்தார். இரண்டாவது வாரம், "மோளே, ஒரே ஒரு கல்லு உப்பு" என்று சின்னப் பிள்ளை மாதிரி விரலைக் காட்டிக் கேட்டார். அவருக்குத் துணையாக அம்மாவும் உப்பில்லாமலே சாப்பிட ஆரம்பித்தாள். நான் உப்பு ஜாடியை எடுத்து என் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். எனக்கு மட்டும் வேண்டும்போது எடுத்துக்கொண்டேன். இதை எழுதும்போதே கூசுகிறது.

ஒரு நாள் வேலையிலிருந்து வந்தபோது அப்பா கட்டிலில் திரும்பி உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தார். பார்க்க வந்த கோடவுன்காரர் ஒருவர் இலையில் மடித்து உப்புமாங்காய் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். நான் அப்பாவின் கையிலிருந்து அதைப் பிடுங்கி, பின்வாசல் வழியே தோட்டு வாய்க்காலில் எறிந்தேன். "நாங்க உங்களுக்காக உயிரைக் குடுக்கோம், உங்களுக்கு நாக்குதான் பெருசா?" என்று அந்த மனிதரின் முன்னாலேயே கத்தினேன். அப்பா விரலில் ஒட்டியிருந்ததை வேட்டியில் துடைத்துக்கொண்டார். வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு மாதம் ஆகியும் கண் வெளுக்கவில்லை. உடம்பெல்லாம் அரிப்பு. சொறிந்து சொறிந்து கையெல்லாம் வரிவரியாகக் காயம். முதுகுவரை குத்துகிற வலி வந்தால் படுக்க முடியாது. தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருப்பார். சட்டை ஆணியில் தொங்குவதுபோல அவர்மேல் தொங்கியது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. படகுத்துறையிலிருந்து போட் பிடித்து எறணாகுளம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

பரிசோதனையெல்லாம் முடிந்து டாக்டர் என்னை மட்டும் வராந்தாவுக்கு அழைத்தார். கணையத்தில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது, ஆபரேஷனுக்குக் காலம் கடந்துவிட்டது என்றார். இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலை நாற்பது வருஷமாக எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் எனக்கு ஆறுதல் கிடைத்ததில்லை. என்ன பத்தியம் என்று கேட்டேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "ஒரு பத்தியமும் வேண்டா. இஷ்டமுள்ளதெல்லாம் கொடுத்தோளு."

திரும்பி வரும் போட்டில், டாக்டர் என்ன சொன்னார் என்று அப்பா கேட்டார். காமாலை முத்திவிட்டது, மருந்து மாற்றியிருக்கிறார்கள் என்றேன். அம்மாவிடமும் அதையே சொன்னேன்.

அதன்பிறகு செய்ததுதான் பெரிய பாவம். உப்பு உட்பட எல்லாம் கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் கொடுக்கவில்லை. கொடுத்தால் அப்பாவுக்குப் புரிந்துவிடும். அவர் தைரியமாக இருக்கட்டும் என்றுதான் செய்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத்தான் தைரியமில்லை. மூன்று வாரம் அந்தச் சப்பென்ற கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டினேன். இன்னும் கொஞ்ச நாள், கண் வெளுத்துவிடும் என்று கூசாமல் சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். கஞ்சியோடு உள்ளே போனேன். நான் வந்ததை அப்பா கவனிக்கவில்லை. வலியில் வேர்த்திருந்தது. புறங்கையால் நெற்றியைத் துடைத்தார். பிறகு அந்தக் கையை வாயருகே கொண்டுபோய் நக்கினார்.

நான் திரும்பிப் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். கஞ்சியில் உப்புப் போட்டுக் கலக்கினேன். கொஞ்சம் தரையில் சிந்தியது.

முதல் கரண்டியை அவர் விழுங்கவில்லை. வாயிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு விழுங்கினார்.

"கண்ணு வெளுத்துட்டா மோளே?"

அந்த வீட்டில் இருந்த ஒரே கண்ணாடியை நான் எப்போதோ மறைத்து வைத்திருந்தேன். மஞ்சள் கிழங்கு நிறத்தில் இருந்த அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டே, "கொஞ்சம் வெளுத்திருக்கு" என்றேன்.

அப்பா தலையாட்டினார். இன்னும் மூன்று கரண்டி வாங்கிக்கொண்டார். நாலாவதுக்கு மேல் இறங்கவில்லை, ஓக்காளம் வந்துவிட்டது. வாயைத் துடைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தவர் என் கையைப் பிடித்தார்.

"உப்பு போட்டத அம்மாட்ட சொல்லாண்டாம்."

அதற்குப்பின் பதினொரு நாள் இருந்தார். அம்மா முன்போலவே உப்பில்லாத கஞ்சி கொண்டுவந்தாள். அப்பா முன்போலவே முகத்தைச் சுளித்து, ஒரு கல்லு உப்பு கேட்டு அவளோடு மல்லுக்கு நின்றார். அவள் முடியவே முடியாது என்பாள். அந்தக் குரலில் தெம்பு இருக்கும். நான் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போனபின் அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். உப்பு ஜாடியை அவள் பக்கத்தில் கொண்டுவைத்தேன். அவள் அதைத் தொடவில்லை.

"பத்தியம் ஒரு நாளாவது தப்பிச்சுதா மோளே? பின்ன ஏன் இப்படி ஆச்சு?"

"தப்பல அம்மா," என்றேன்.