எப்போதும் இரண்டாம் பரிசு

போன வெள்ளிக்கிழமை நடந்தவை, வரிசையாக:

1. எங்கள் அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், காபி மெஷினுக்குப் பக்கத்தில், புது கேரம் போர்டு ஒன்று வந்து இறங்கியது.

2. எச்.ஆர். பெண் மேசை மேசையாக வந்து போட்டிக்குப் பெயர் கேட்டாள். "நீங்க எந்த லெவல்? பிகினரா, எக்ஸ்பர்ட்டா?"

3. எல்லோரும் பிகினர் என்றார்கள். கல்லூரியில் கேரம் கோப்பை வாங்கிய கதையைப் போன வாரம்தான் அரை மணி நேரம் சொன்ன என் டீம் லீட் உட்பட.

4. யாரோ போரிக் பவுடர் டப்பாவைத் திறந்து போர்டில் தட்டினார்கள்.

5. என் முறை வந்தபோது, "எனக்கு ஆடத் தெரியாது" என்றேன். அந்த மாடியில் அன்று சொல்லப்பட்ட ஒரே உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

நான் டெஸ்டிங் பிரிவில் வேலை செய்பவள். எதையும் ஒன்று, இரண்டு என்று எழுதிப் பார்த்தால்தான் எனக்குப் புரியும். ஆனால் நான்காவதோடு வந்த வாசனையை எந்த எண்ணில் சேர்ப்பது என்று தெரியவில்லை. போரிக் பவுடருக்கு வாசனையே கிடையாது. எங்கள் வீட்டுப் பவுடருக்கு உண்டு. தாஸ் மாமா அதைக் காலியான முகப்பவுடர் டப்பாவில் கொட்டி வைத்திருப்பார். அதனால் எனக்குக் கேரம் என்றால் மல்லிகைப்பூ பவுடர் வாசனை. அந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு போட்டி நடக்கும் ஹால் ஹாலாகப் போனவள் நான்தான். ஆட்டத்தில் என் பங்கு அவ்வளவே.

ஆடியவள் ஸ்டெல்லா அக்கா. என் கூடப் பிறந்தவள், என்னைவிட ஏழு வயது பெரியவள். அப்பா தங்கச் சுரங்க வேலையை விட்டுவிட்டு கே.ஜி.எஃப்.-இலிருந்து எங்களைக் கூட்டிக்கொண்டு நகரத்தில் அடுகோடிக்கு வந்தபோது லாரியில் ஏறிய சாமான்களில் பெரியது கேரம் போர்டுதான். கட்டிலை விற்றுவிட்டு அதை ஏன் கொண்டுவந்தார் என்று அம்மா பல வருஷம் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா இங்கே ஒரு கம்பெனியில் நைட் வாட்ச்மேன் ஆனார். பகலில் அவர் தூங்க, காய் விழும் சத்தம் கேட்கக் கூடாது என்று அக்கா போர்டின் மூலைப் பைகளுக்குள் பழைய துணியை அடைத்து வைத்து ஆடுவாள். சத்தமே இல்லாமல் ஒவ்வொரு காயாகப் போர்டிலிருந்து காணாமல் போகும். ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் அடியில் ஆரம்பித்து, எதிரே உட்கார்ந்த மாமாவுக்கு ஸ்ட்ரைக்கரே கொடுக்காமல் முடித்திருக்கிறாள். மாமா கையைக் கட்டிக்கொண்டு, "நான் எதுக்குடி உக்காந்துகினு கீறேன்?" என்பார்.

மாமா அம்மாவின் தம்பி. லேத்து ஒர்க்‌ஷாப்பில் வேலை. ஊரில் எங்கே போட்டி என்றாலும் அவருக்குத் தெரிந்துவிடும். பிரேசர் டவுன் சர்ச் ஹால், அல்சூரில் திருவிழாப் போட்டி, நவம்பர் வந்தால் தெருவுக்குத் தெரு கன்னட ராஜ்யோத்சவ விழா. பெண்களுக்கு எல்லா இடத்திலும் ஏ, பி என்று இரண்டு பிரிவு. ஏ பிரிவில் பெரிய ஃபேக்டரி அணிகளின் பெண்கள் வருவார்கள். அவர்களுக்குச் சம்பளமே ஆடுவதற்குத்தான். பி பிரிவு வீட்டுப் பெண்களுக்கு. இதில் ஒரு விதி இருந்தது. பி பிரிவில் முதல் பரிசு வாங்கியவள் அதற்குப் பிறகு எங்கேயும் பி ஆட முடியாது, ஏ பிரிவுக்குப் போக வேண்டும். இரண்டாம் பரிசு வாங்கியவளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

மாமா இந்த விதியை ஒர்க்‌ஷாப் மூளையோடு பார்த்தார். "ஃபஸ்ட்டு வாங்கினா ஒரு தடவை. செகண்டு வாங்கினா ஆயுசுக்கும்."

அப்படித்தான் அக்கா தோற்கக் கற்றுக்கொண்டாள். தோற்பது சுலபம் என்று நினைக்காதீர்கள். ஜெயிக்கிற சுற்றுகளிலும் நூலிழையில் ஜெயிக்க வேண்டும். நேர்க் காயை ஒரு தடவை விட்டு, இரண்டாம் தடவை போட வேண்டும். ஃபைனலில் கடைசி போர்டு, அதாவது கடைசி ரவுண்டு வரைக்கும் போய், சிவப்புக் காயான ரெட்டைப் போட்டுவிட்டு, ஃபாலோவை விட வேண்டும். ரெட் விழுந்ததும் அடுத்த அடியில் சொந்தக் காய் ஒன்றைப் போட்டால்தான் அது நமக்கு. விட்டால் ரெட் திரும்ப நடுவுக்கு வந்துவிடும், எதிராளி எடுத்துக்கொள்வாள். கூட்டம் "அய்யோ பாவம்" என்று உச்சுக்கொட்டும். யாருக்கும் சந்தேகம் வராது. அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிவாள். அந்த நடிப்பு அவளாகச் சேர்த்துக்கொண்டது.

பி பிரிவின் இரண்டாம் பரிசு பெரும்பாலும் ஹாட்பேக். எங்கள் வீட்டில் சாப்பாட்டைவிட ஹாட்பேக் அதிகம். ஒன்றில் அரிசி, ஒன்றில் பொட்டு, வளையல், ஒன்றில் என் கணக்குப் பாட ஜியோமெட்ரி சாமான்கள்.

"முதல் பரிசு இன்னாடா தாசு?" என்று அம்மா ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

"மிக்சி அக்கா."

அம்மா ஆட்டுக்கல் பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள்.

அக்கா பி.யூ.சி. முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த வருஷம், ஒரு ஃபேக்டரியின் பெண்கள் அணியில் ஓர் இடம் காலியானது. விளையாட்டு ஒதுக்கீட்டில் நிரந்தர வேலை, குவார்ட்டர்ஸ், கேன்டீன், ஃபேக்டரி பஸ். மாமா யாரையோ பிடித்து அந்த ஸ்போர்ட்ஸ் செகரட்டரியைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். "முதல் பரிசு சர்டிபிகேட் ஒண்ணு வேணுமாம். எந்தப் பிரிவுனாலும் பரவால்ல. பிரேசர் டவுன் ஃபைனலை அவரே பாக்க வராரு. பாப்பா, இந்த வாட்டி நெஜமா ஆடு."

"நெஜமாவா?" என்றாள் அக்கா. சிரித்தாள். அன்று அவள் சிரித்ததுபோல நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்றிரவு அம்மா, குவார்ட்டர்ஸ் கிடைத்தால் அப்பாவின் நைட் டியூட்டியை நிறுத்திவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தாள்.

ஃபைனலில் எதிரே கண்ணாடி போட்ட ஒரு காலேஜ் பெண். அவள் நிஜமாகவே பி. முதல் போர்டுகளில் அக்கா அவளை எழவிடவில்லை. பிறகு, ஏனோ, அந்தப் பெண் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் வந்தாள். கடைசி போர்டு வந்துவிட்டது. அக்கா ரெட்டைப் போட்டாள். ஃபாலோவுக்கு வெள்ளைக் காய் ஒன்று பையின் வாயிலேயே நின்றது. நான்கூடப் போட்டுவிடுவேன். அக்கா விரலைப் பாவாடையில் துடைத்துவிட்டு அடித்தாள். ஸ்ட்ரைக்கர் காயை உரசிக்கொண்டு போனது. காய் அசைந்து, அங்கேயே நின்றது.

கூட்டம் "அய்யோ பாவம்" என்றது.

அந்தப் பெண் ரெட்டை எடுத்து ஆட்டத்தை முடித்தாள். மாமா பக்கத்தில் வந்து பல்லைக் கடித்தபடி, "இன்னிக்கு எதுக்குடி உட்ட? இன்னிக்கு ஆடுன்னு சொன்னேன் இல்ல?" என்றார்.

"நானா உடல மாமா. போச்சு."

"எங்கிட்டயேவா?"

"சத்தியமா போச்சு மாமா."

ஸ்போர்ட்ஸ் செகரட்டரி எழுந்து வந்தார். வழியில் யாரோ அவர் காதில் ஏதோ சொன்னார்கள். ஃபைனல் என்றால் இந்தப் பெண் இப்படித்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். எங்கள் தந்திரம் எங்களுக்கு மட்டும்தான் தெரியும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

"ஏம்மா, வேணும்னே விட்டியா? இல்ல நிஜமாவே போச்சா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை நான் பல தடவை இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதிப் பார்த்திருக்கிறேன். வேண்டுமென்றே விட்டேன் என்றால் ஏமாற்றுக்காரி. நிஜமாகவே போயிற்று என்றால் பையின் வாயில் நிற்கும் காயைப் போடத் தெரியாதவள். எந்தப் பத்தியிலும் வேலை இல்லை.

அக்கா ஸ்ட்ரைக்கரைப் போர்டின் ஓரத்தில் வைத்தாள். "நிஜமா போச்சு சார்."

"ஹோகலி பிடு," என்று கன்னடத்தில் சொன்னார். போகட்டும் விடு. குரலில் கோபம்கூட இல்லை. ஹால் வாசலில் தன் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்ய அவர் ரொம்ப நேரம் உதைத்துக்கொண்டிருந்தார். மாமா ஓடிப்போய்த் தள்ளிக் கொடுத்தார். அதனால் எங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை, ஸ்கூட்டர் மட்டும் போனது.

வீட்டில் அம்மா ஒரே ஒரு தடவை கேட்டாள். "பழக்கத்துல கை உட்டுடுச்சா கண்ணு?" அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா வந்து போர்டுக்கு எதிரே உட்கார்ந்தால், "துணி காயப்போடணும்" என்று அக்கா எழுந்து போவாள். சில மாதம் கழித்து மாமாவும் வருவதைக் குறைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமைக் கதையை நேற்று போனில் அக்காவிடம் சொன்னேன். பிகினர்கள் பட்டியலைக் கேட்டுச் சிரித்தாள். பின்னால் தையல் மெஷின்களின் இரைச்சல். பிறகு கேட்டாள்:

"ஏன்டி, நான் அவ்ளோ நல்லாவா ஆடினேன்?"

"ஆடினக்கா."

"நீ தங்கச்சி. அப்டித்தான் சொல்லுவ."

சாட்சிக்கு வெளியாள் ஒருவரும் இல்லை. வெளியே அவளைப் பார்த்த எல்லோரும் பார்த்தது, வேண்டுமென்றே தோற்கிற அந்த இன்னொருத்தியைத்தான்.

சர்ச் ஹாலை இடித்துவிட்டார்கள், அங்கே அபார்ட்மென்ட் எழும்புகிறது. அந்த ஃபேக்டரி பெண்கள் அணியைக் கலைத்துவிட்டது, விளையாட்டுக்கு ஆள் எடுப்பதில்லை. அப்பா நைட் டியூட்டியிலேயே இறந்தார். மாமா போன வருஷம் போய்ச் சேர்ந்தார். அக்கா அத்திபெலேயில் ஒரு கார்மென்ட்ஸில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள், தற்காலிக ஊழியர், வருஷா வருஷம் புதுப்பிக்கிறார்கள். வீட்டில் அவள் நிஜமாக ஆடியதைப் பார்த்தவர்களில் மிச்சம் அம்மாவும் நானும். அம்மாவுக்குக் கேரம் தெரியாது.