துணியைத் தூக்கிப் பார்த்தவன்

என் உள்ளங்கைகளுக்குக் கீழே ஒரு மனிதரின் தொடை துடித்துக்கொண்டிருந்தது. நடுவில் நாலாக மடித்த ஒரு துண்டு. அது நனைந்து, வெதுவெதுப்பாக, கை வைத்த இடத்தில் சதசதவென்று அமுங்கியது. எடுக்கக் கூடாது என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் அவள் போயிருந்தாள். யார் சொன்னாலும் எடுக்காதே என்று இரண்டு தடவை சொல்லியிருந்தாள். நான் எடுத்தேன். பன்னிரண்டு வருடம் ஆகிறது. உப்பு மூட்டை, செங்கல், மரம் என்று இந்தக் கைகள் தூக்காத பொருள் குறைவு. தூக்கியதற்காக நான் வெட்கப்படுவது அந்த ஒரு துண்டுக்கு மட்டும்தான்.

எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு அடிபட்டால் முதலில் காதில் விழுவது “எங்க, காட்டு பாப்போம்” என்பதுதான். கேட்கிறவர் வைத்தியர் இல்லை. பார்த்துவிட்டு அவர் செய்யப்போவதும் ஒன்றுமில்லை. “அம்மாடி” என்று ஒரு சத்தம் போடுவார், தலையில் கை வைப்பார், நகர்ந்துகொள்வார். அடுத்தவர் வருவார். அவருக்கும் காட்ட வேண்டும். கல்யாண வீட்டு வாசலில் வந்தவருக்கெல்லாம் சந்தனக் கிண்ணத்தை நீட்டுவது போலக் காயத்தைத் திறந்து திறந்து காட்டுகிறோம். வந்தவர் பெரிய மனுஷர் என்றால் கட்டாயம் காட்ட வேண்டும், இல்லையென்றால் மரியாதை கெட்டுவிடும். ரத்தம் அப்போதுதான் உறையத் தொடங்கியிருக்கும். துணியைப் பிய்த்தால் உறைந்ததும் சேர்ந்து பிய்ந்து வரும். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்ட எனக்கே இது புரிகிறது. ஆனால் சட்டைப்பையில் இரண்டு பேனா வைத்திருப்பவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். இப்போது கையில் போன் வேறு. நல்லா தெரியல, வெளிச்சத்துப் பக்கம் திருப்பு என்கிறார்கள்.

அந்த வருடம் நான் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஆற்றங்கரை வயல்களில் வாழைத்தார் சுமந்துகொண்டிருந்தேன். எனக்கு அப்போது முப்பது வயது இருக்கும். ஓர் இடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்து பழக்கமில்லை. தூத்துக்குடிப் பக்கம் உப்பளம், அப்புறம் செங்கல் சூளை, கொஞ்ச நாள் கேரளம், அலுத்ததும் திரும்பி இங்கே. எங்கள் கூட்டத்தில் எட்டுப் பேர். தாரை வெட்டித் தருவதற்கு ஒருவர். மற்றவர்கள் அதைத் தோளிலும் தலையிலும் ஏற்றி வாய்க்கால் வரப்பு வழியாக ரோட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். வெட்டுக்காரர் கைத்திறமை உள்ள ஆள், வாய்த்திறமை அதைவிட அதிகம். சுமக்கிறவர்களில் பெண்கள் மூன்று பேர். அதில் ஒருத்தியைத்தான் நாங்கள் பிளாஸ்திரி மைனி என்று கூப்பிடுவோம். மைனி என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணி. அவள் யாருக்கும் சொந்த மைனி இல்லை. புருஷன் ரப்பர் வெட்டப் போகிறேன் என்று மலைக்கு அந்தப் பக்கம் போனவன், திரும்பவில்லை. அவளுக்கும் என் வயதுதான்.

இங்கே வருவதற்கு முன் அவள் ஏதோ ஓர் ஊரில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில், ஆபரேஷன் அறையில் தரை துடைத்திருக்கிறாள். அந்தப் பழக்கத்தில் யாருக்காவது விரல் கிழிந்தால் உடனே சேலைத் தலைப்பைக் கிழித்து அழுத்திக் கட்டிவிடுவாள். காப்பித்தூளை அப்ப வந்தால் கையைத் தட்டிவிடுவாள். அதனால் கிடைத்த பெயர்தான் பிளாஸ்திரி. “ஏ பிளாஸ்திரி மைனி, எனக்கு மனசுல காயம், ஒரு கட்டு போடேன்” என்பார் வெட்டுக்காரர். “ஒம்ம வாயிலதான் மொதல்ல பெருசா ஒண்ணு ஒட்டணும்” என்பாள். எல்லாரும் சிரிப்போம். ஒரு நாள் கஞ்சி குடிக்கும்போது அவள் சொன்னது மட்டும் சிரிக்கக் கூடியதாக இல்லை. “டாக்டருக்கு வேற கணக்கு. தரையத் தொடைக்கிறவளுக்கு வாளிதான் கணக்கு. வாளித்தண்ணி எந்தளவு செவந்தா ஆளு தேறுவான், எந்தளவு செவந்தா தேறமாட்டான்னு எனக்குத் தெரியும்லா” என்றாள். இப்படிப்பட்ட படிப்பு எந்தப் பள்ளிக்கூடத்திலும் கிடையாது. அதைப் படித்தவளைத்தான் நாங்கள் கேலி பேசிக்கொண்டிருந்தோம்.

அது நடந்த அன்று காலை பத்து மணி இருக்கும். வாழைக்கறை பட்டு அரிவாள் பிடி வழுக்கியிருக்கிறது. இடது கையால் தாரைத் தாங்கிக்கொண்டு வெட்டுக்காரர் ஓங்கிப் போட்ட வெட்டு, காம்பை அறுத்த வேகத்தில் அவருடைய வலது தொடையின் உள்பக்கம் இறங்கிவிட்டது. அவர் கத்தவில்லை. தாரைப் பைய கீழே வைத்தார். பிறகுதான் குனிந்து பார்த்தார். இடுப்பில் கட்டியிருந்த சாரத்துக்குள்ளிருந்து ரத்தம் வாய்க்கால் மடை திறந்த மாதிரி விட்டு விட்டு அடித்தது. நாங்கள் நின்றோம். ஏழு பேரில் ஆறு பேர் வெறுமனே நின்றோம். அதைத் திரும்பத் திரும்ப எழுதினாலும் தகும்.

மைனி தன் தலையிலிருந்த தாரை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். அவரை மல்லாக்கத் தள்ளினாள், சாரத்தை உருவினாள், அவருடைய தோள் துண்டை மடித்து வெட்டின் மேல் வைத்து, இரண்டு கையையும் ஊன்றி, உடம்புக் கனம் முழுவதையும் அதில் போட்டாள். வெட்டு அரைக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்கு மேலே கட்டுப் போட இடமில்லை. அழுத்துவதைத் தவிர வேறு வழியில்லை என்று அவளுக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது. அந்த நிலையிலும் அந்த மனிதர் வெட்கப்பட்டார். “விடு மைனி, ஆளுக பாக்காவ” என்று அவள் கையைத் தள்ளினார். “சும்மா கெடயும். நீரு என்ன புது மாப்பிள்ளையா, வெக்கப்படுதீரு?” என்றாள். யாரோ ஒருவர் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். இந்த வரப்புக்கு வழி சொல்லிப் புரியவைக்கவே நேரம் போனது. ரோட்டோரம் தார் ஏற்ற வந்த லோடு ஆட்டோ நின்றது. டிரைவரோ, போலீஸ் கேஸ் ஆகும், நான் வரலை என்று அங்கிருந்தே கத்தினான்.

அவனை இழுத்து வர ஒருவர் போக வேண்டும். நாங்கள் போனால் பேச்சில் பொழுது போகும் என்று அவளுக்குத் தெரியும். என்னைக் கூப்பிட்டு, தன் கைக்கு மேல் என் கையை வைக்கச் சொல்லி, தன் கையைப் பைய உருவிக்கொண்டாள். “இடுப்புக் கனத்த இதுல போடு. நனைஞ்சா மேல இன்னொரு துணிய வையி, இத எடுக்காத. எவன் சொன்னாலும் எடுக்காத” என்றாள். ஓடினாள்.

அந்தத் தோட்டத்துத் தார் முழுவதையும் பேசி எடுத்திருந்த வியாபாரி அண்ணாச்சி அப்போது பைக்கில் வந்து இறங்கினார். எனக்குக் கூலி தருகிறவர் அவர். கூட்டம் விலகி வழிவிட்டது. “எங்க, காட்டு பாப்போம்” என்றார். அவள் எடுக்கக் கூடாதுன்னு சொன்னா என்று வாய்வரை வந்தது. “ஆருலே சொன்னா?” என்று அவர் கேட்டால் என்ன சொல்வது? தார் சுமக்கிற ஒருத்தி சொன்னாள் என்று எப்படிச் சொல்வது? நான் கையை எடுத்தேன். துண்டைத் தூக்கினேன். அடங்கிக் கிடந்த ரத்தம் என் முகம் வரை பாய்ந்தது. அண்ணாச்சி “முருகா” என்றார், இரண்டடி பின்னால் போனார், “சோடா வாங்கிட்டு வாங்கலே” என்றார். அதுதான் அவர் பார்த்ததால் கிடைத்த பலன். வெட்டுக்காரரின் உதடு என் கண் எதிரே வெளுத்தது.

மைனி ஆட்டோச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடி வந்தாள். டிரைவர் அவள் பின்னால் கெஞ்சிக்கொண்டே வந்தான். என்னைப் பார்த்தாள், ரத்தத்தைப் பார்த்தாள். ரத்தக் கையாலேயே என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். மறுபடி அழுத்தினாள். வந்த சோடாவைக் கொடுக்க விடவில்லை. சாக்கில் வைத்து ஆட்டோவுக்குத் தூக்கிப் போனபோதும், வாழைச்சருகின் மேல் அவரைக் கிடத்தியபோதும் அவள் கை விலகவில்லை. கால் பக்கம் நான் உட்கார்ந்தேன். ஊர் முகப்பில் வெட்டுக்காரரின் மச்சினன் ஆட்டோவை மறித்தான். யார் அவனிடம் என்ன சொன்னார்களோ, காயத்தைப் பார்க்கும் முன் கையைத்தான் பார்த்தான். “எந்த எடத்துலட்டீ கைய வச்சிருக்க? எடு” என்றான். “எடுக்கேன். எடுத்தா ஒங்க அக்கா தாலியும் கூடவே வரும். எடுக்கட்டுமா?” என்றாள். அவன் விலகினான்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் டாக்டர் ஓடி வந்தார். அன்று காலையிலிருந்து காட்டு என்று கேட்காத முதல் ஆள் அவர்தான். “எடுக்காதீங்கம்மா, அப்படியே கூடவே வாங்க” என்றார். தள்ளுவண்டியோடு மைனி குனிந்தபடியே ஓடினாள். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தபோது அவளால் விரல்களை நீட்ட முடியவில்லை. ஒரு நர்ஸ் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டார். மத்தியானத்துக்கு மேல்தான், ரத்தக்குழாயைத் தைத்துவிட்டார்கள், ஆள் பிழைப்பார், காலும் இருக்கும் என்றார்கள். அதைக் கேட்ட பிறகுதான் அவள் கை கழுவக் குழாயைத் தேடிப் போனாள். நான் கன்னத்தைக் கழுவினேன்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னால் செரிக்க முடியாதது. மூன்றே நாளில் ஊரில் ஒரு கதை ஓடியது. அந்தக் கதையில் ஆட்டோ இருந்தது, அண்ணாச்சி இருந்தார், அவர் சமயத்தில் வந்து வண்டி பிடித்துக் கொடுத்ததும் இருந்தது. மைனி மட்டும் இல்லை. அவள் கை இருந்த இடத்தில் என் கையை வைத்துவிட்டார்கள். கல்யாணமான ஒருவருடைய தொடையில், அதுவும் அந்த இடத்தில், எங்கிருந்தோ வந்த வேற்றுத் தெருக்காரி கை வைத்தாள் என்று எப்படிச் சொல்வது? மனிதர் செத்திருந்தால்கூட அவர்களுக்கு இவ்வளவு சங்கடம் இருந்திருக்காது. அண்ணாச்சி அவளைக் கூப்பிட்டு, ஊரு வாயை மூட முடியாது, கொஞ்ச நாளைக்கு வேற பக்கம் பாத்துக்கோ என்று தன்மையாகச் சொன்னார். தன்மையாகச் சொன்னார் என்பதால் அவரை நல்லவர் என்றார்கள். அவள் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டாள். அந்த ஆவணியில் கோயில் கொடைத் திருவிழா நடந்தது. மத்தியானக் கொடைக்கு மேளம் நின்றதும் மைக்கில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத் தோளில் ஒரு புதுத் துண்டு போட்டார்கள். நான் குனிந்து வாங்கிக்கொண்டேன். அது நான் இல்லை என்று சொல்ல ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும். அடுத்த வாரமே அந்த ஊரை விட்டுக் கிளம்பினேன். அதைப் பிராயச்சித்தம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு எப்போதும் ஆறு மாதம்தான்.

போன மாதம் திருச்செந்தூரில் ஒரு லாரியிலிருந்து இளநீர் இறக்கும் வேலை. கோயிலுக்குப் போகும் வழியில் வாழை இலைக் கடை போட்டிருந்தவர் “வே!” என்று கூப்பிட்டார். அதே வெட்டுக்காரர். கொஞ்சம் சாய்ந்து நடந்தார், அவ்வளவுதான். கடைக்குள் அவர் மனைவி உட்கார்ந்து நுனி இலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கடையில் நின்றவர்களிடம், “இந்த ஆளு கைதான் என்னைப் பொழைக்க வச்ச கை” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர்கள் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

“நான் இல்ல வே. நான் தூக்கிப் பாத்தவன்” என்றேன்.

அவர் உள்ளே ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “எனக்குத் தெரியும். முழிச்சிக்கிட்டுதான் கெடந்தேன். அவ ஒம்ம கன்னத்துல போட்டதும் தெரியும்.”

“பொறவு ஏன் வே ஒரு வார்த்த சொல்லல? அவளை ஊரவிட்டே அனுப்பிட்டாவளே!”

“பைய பேசும். வீட்டுல தெரிஞ்சா அவ மனசு சங்கடப்படும்லா. பன்னெண்டு வருசமா மறைச்சிட்டேன், இப்பம் போயி...”

எனக்கு வந்த கோபத்தில் தோளில் இருந்த இளநீர்க் குலையை அங்கேயே போட்டுவிட்டேன். பைய பேச முடியாது என்று சத்தமாகவே சொன்னேன். ஒம்ம உயிர் ஒரு பொம்பளை கையிலதான் இருந்துச்சு என்று ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன். அவர் முகம் அன்று வாழைத்தோட்டத்தில் வெளுத்தது போல வெளுத்தது.

உள்ளே இருந்தவள் இலை அடுக்குவதை நிறுத்தவில்லை. “எதுக்கு இப்பம் சத்தம் போடுதிய?” என்றாள். “ஆஸ்பத்திரியில அவிய காலைத் தொடச்சு விட்டது நாந்தான. கட்டுக்குப் பக்கத்துல வளையல் அழுந்தின தடம் இருந்துச்சு. பாதி வட்டமா, கன்னிப்போயி, பத்து நாளு கெடந்துச்சு. ஆம்பள எவன் வளையல் போடுதான்? எனக்கு அன்னைக்கே தெரியும்.”

வெட்டுக்காரர் உட்கார்ந்துவிட்டார். “நீ ஒண்ணும் கேக்கலயே?” என்றார்.

“நீங்க சொல்லுவியன்னு பாத்தேன்.” அவள் எழுந்து வாசலுக்கு வந்தாள். அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “அதை விடுங்க. அந்தப் பிள்ளை இப்பம் எங்கன இருக்கா? ஒரு தடவையாவது போயிப் பாக்கணும்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். மைனி எந்த ஊர்க்காரி என்றுகூட நாங்கள் இருவரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.