ஆவடியம்மா

போன வாரம் வசந்தா என் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆவடி குவார்ட்டர்ஸில் எங்களுக்கு அடுத்த வீடு. கூடவே மகள் கவிதா. முழு ஆண்டு லீவுக்கு ஆரணியிலிருந்து வந்திருக்கிறாள். மோர் கொடுத்தேன். வாங்கிக்கொண்டே சிறுமி சொன்னாள்: "ஆவடியம்மாவுக்கு உப்பு கம்மியா போடுங்க பெரியம்மா."

ஆவடியம்மா! ஏதோ எல்லைக்கோயில் அம்மன் பெயர் மாதிரி... சிரிக்கப் போனேன். வசந்தாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

பெற்றவளை ஊர்ப் பெயர் சேர்த்து அழைக்கிறாள் மகள். வெறும் 'அம்மா' ஆரணியில் இருக்கிறாள் — அப்பாவின் அக்கா.

எப்படி இப்படி ஆயிற்று?

வசந்தாவுக்குத் தாய் இல்லை. தலைப்பிரசவத்துக்குப் போகப் பிறந்த வீடும் இல்லை. கணவருக்கு ஃபேக்டரியில் ஷிஃப்ட். பத்தியம் பார்க்க மாமியார் வந்தார். அடைமழைக் காலம். ஜன்னல் திறக்கக் கூடாது, காதில் பஞ்சு. குழந்தை பார்க்க குவார்ட்டர்ஸ் லைன் வீடுகள் முழுக்க வந்தன. சோப்பு டப்பா, பவுடர் டப்பா, சின்னச் சட்டை... மூக்கு யாருடையது, நெற்றி யாருடையது என்று ஒரே விவாதம். வசந்தா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது.

"இன்னாமே, ராசாத்தி கணக்கா புள்ளய பெத்து வச்சிகினு அய்துகினு கீற?" என்றாள் எதிர்வீட்டு மல்லிகா. பிரியமாகத்தான் கேட்டாள். பெண் குழந்தை என்பதால் அழுகிறாள் என்றார் ஒருவர். திமிர் என்றார் இன்னொருவர். வசந்தா சொன்னது யாருக்கும் புரியவில்லை: "ஏன்னு தெரியலக்கா. இது அழுதா, வேற யாரோ வீட்டுக் குழந்தை அழற மாதிரி இருக்கு."

அழுதுகொண்டே கொடுத்தால் பால் கெட்டுவிடும் — இது மாமியாரின் நம்பிக்கை. லைனில் யாரும் மறுக்கவில்லை. தாய்ப்பால் நின்றது; பால்பவுடர் வந்தது. பால் கட்டிக்கொண்டு வலி, காய்ச்சல்... அழுகை கூடியது. அழுகை கூடக் கூட, குழந்தை தள்ளிப் போனது. கடைசியில் மாமியாரோடு ஆரணிக்கே போய்விட்டது, இவள் தேறும்வரை என்று சொல்லி. அங்கே பிள்ளையில்லாத நாத்தனார் இருந்தாள்.

வசந்தா தேறினாள். மெதுவாக, தானாக. டாக்டரிடம் காட்டலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. போய்க் கூப்பிட்டபோது குழந்தை அத்தையின் புடவையை விடவில்லை. பழகிவிட்டது, விடு, இன்னொன்று பெற்றுக்கொள் என்றார்கள். அவள் பெற்றுக்கொள்ளவில்லை. பயம்.

குழந்தைக்கு ஜலதோஷம் என்றால் வீடே ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறது. பெற்றவள் அழுதால் மட்டும் ஏன் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்துவிடுகிறோம்?

கவிதா டிவி பார்க்க உள்ளே போனதும் வசந்தா மெதுவாகச் சொன்னாள்: "அன்னிக்கு வந்தவங்க எல்லாரும் குழந்தையத்தான் தூக்கினாங்க. ஒருத்தராவது எம்பக்கத்துல உக்காந்திருந்தா போதும்க்கா. நான் அவளைக் குடுத்திருக்க மாட்டேன்."

இந்த வாரம் எங்காவது குழந்தை பார்க்கப் போகிறீர்களா? தொட்டில் எங்கும் ஓடிவிடாது... முதலில் கட்டில் பக்கம் போங்கள்.