கம்பம் நட்ட மறுநாள்

என் பெரியப்பா திருமூர்த்தி எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலுக்கு இருபது வருடம் தர்மகர்த்தாவாக இருந்தார். பொள்ளாச்சிக்கு மேற்கே உள்ள சின்ன ஊர் அது. அவருக்குப் பன்னிரண்டு ஏக்கர் தென்னை, ஆறு கறவை மாடுகள், ஒரு புல்லட். யாரையும் எதையும் கேட்காமல் முடிவெடுப்பதுதான் அவருடைய பலம் என்று ஊரில் சொல்வார்கள். அவரும் அதை நம்பினார்.

மாடுகள் விஷயத்தில் மட்டும் நிறைய விசாரிப்பார். கோமாரி ஊசிக்குக் கால்நடை டாக்டரை வீட்டுக்கே வரவழைப்பார். மருந்துப் புட்டியை என்னிடம் நீட்டி, "இங்கிலீசுல போட்டிருக்குது. தேதி முடிஞ்சுபோச்சான்னு படிச்சுச் சொல்லு கண்ணு" என்பார். ஒருமுறை பெட்டியில் ஐஸ் உருகிவிட்டது என்று டாக்டரையே திருப்பி அனுப்பினார். "சூடு பட்ட மருந்தும் பச்சைத் தண்ணியும் ஒண்ணுதானுங்க" என்று அவருக்கே பாடம் சொன்னார். ஊசி என்றால் என்ன, அதை எப்போது போட வேண்டும் என்பதெல்லாம் தெரியாத மனிதர் அல்ல அவர். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மாரியம்மன் நோம்பி என்னும் திருவிழாவுக்குக் கோயில் முன்னால் கம்பம் நட்டுவிட்டால், பதினைந்தாம் நாள் அதைப் பிடுங்கும்வரை ஊர் எல்லைக்குள் சில காரியங்கள் ஆகாது. குழம்பு தாளிக்க மாட்டார்கள். வெளியூரில் இரவு தங்க மாட்டார்கள். குழந்தைக்குத் தடுப்பூசி போடக் கூடாது என்று மட்டும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. 1996ஆம் வருடம், கம்பம் நட்ட மறுநாள், புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பெரியப்பா அந்த விதியைக் கண்டுபிடித்தார்.

கிராம சுகாதாரச் செவிலியர் சாஜிதா பேகம் மாதத்தில் ஒரு புதன்கிழமை எங்கள் ஊருக்கு வருவார். அன்று அவர் ஐஸ் பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கியதும் பெரியப்பா வழிமறித்தார்.

"கம்பம் நட்டாச்சுங்க அம்மணி. ஊருக்குள்ள ரத்தம் சிந்தக் கூடாது. அடுத்த மாசம் வாங்க."

"ஏனுங்க ஐயா, மாட்டு டாக்டரு வண்டி இப்பத்தான் எதுக்கால போச்சு. உங்க ஊட்டுலிருந்துதான் வாராருன்னாங்க?"

"அது வாயில்லாத சீவனுங்க. அதுக்கெல்லாம் ஆத்தா கோவிக்க மாட்டா."

"அப்ப வாயிருக்கற கொழந்தைக்குத்தான் கோவிப்பாளுங்களா?"

சுற்றி நின்ற பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். சாஜிதா பேகம் அதற்குமேல் வாதாடவில்லை. எல்லை எதுவரை என்று மட்டும் கேட்டார். வாய்க்கால் பாலம்வரை என்றார் பெரியப்பா. சாஜிதா பேகம் பாலத்தைத் தாண்டிப்போய், ஒரு புளியமரத்தடியில் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தார்.

பெரியப்பாவின் தோப்பில் மட்டை பொறுக்கும் ராசம்மாள் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு முதல் ஆளாகப் போனார். "எங்கடி போறே?" என்று கேட்ட பெரியப்பாவிடம், "பாலத்துக்குங்க. எங்க ஆத்தா அத்தனை கோவக்காரி இல்லீங்க" என்றார். அவர் பின்னால் பதினொரு குழந்தைகள் போயின.

போகாதது ஒரே குழந்தை. பெரியப்பாவின் பேத்தி நித்யஸ்ரீ. அவளுக்கு ஒன்பது மாதம் முடிந்திருந்தது. தட்டம்மை ஊசி போட வேண்டிய வயது. அவளுடைய அப்பா, என் அண்ணன், திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். அண்ணி சண்முகப்ரியா குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"பாலத்துக்கு அந்தப்பக்கந்தானுங்க மாமா. ஒரு எட்டுப் போய்ப் போட்டுட்டு வந்தர்றனுங்க."

"தர்மகர்த்தா ஊட்டுக் கொழந்தையே போனா, நாளைக்கு எம் பேச்சை எவன் கேப்பான்? ஒரு மாசத்துல என்ன ஆயிரும் அம்மணி. உள்ள போ."

அண்ணி உள்ளே போனாள். நானும் அங்கேதான் இருந்தேன்.

நோம்பிக்கு வந்த விருந்தாளிக் குழந்தை ஒன்றுக்குக் காய்ச்சலும் இருமலும் இருந்தன, கண் சிவந்திருந்தது. அதை நித்யஸ்ரீயோடு ஒரே தொட்டிலில் போட்டுக் கொஞ்சினார்கள். பத்து நாள் கழித்து இவளுக்குக் காய்ச்சல். நான்காம் நாள் முகமெல்லாம் சிவப்பாகப் பொரிந்தது. பெரியப்பா வாசலில் வேப்பிலை செருகினார். "ஆத்தா வெளையாட வந்திருக்கா. மூணு தண்ணி ஊத்துனா எறங்கிருவா" என்று வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னார். டாக்டர் என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை. அவருடைய மாடு ஒருநாள் தீவனம் எடுக்காவிட்டால் புல்லட் பொள்ளாச்சிக்குப் பறக்கும்.

பொரி அமுங்கத் தொடங்கியபோது குழந்தைக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சுக்கூடு உள்ளே இழுத்தது. நண்பகலில் அண்ணி யாரையும் கேட்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். பொள்ளாச்சியில் பார்த்துவிட்டுக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள். நிமோனியா. இருபது நாள் ஆஸ்பத்திரி.

நித்யஸ்ரீ பிழைத்தாள். இரண்டு காதும் போய்விட்டன. தட்டம்மையில் இப்படியும் ஆவதுண்டு, ஊசி போட்டிருந்தால் அநேகமாக அம்மையே வந்திருக்காது என்றார் டாக்டர். பெரியப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஊருக்கு வந்ததும் வெள்ளியில் இரண்டு காது செய்து கோயில் உண்டியலில் போட்டார். "உசுரைக் குடுத்துட்டா ஆத்தா, அது போதும்" என்றார். ஆத்தா கொடுத்ததைப் பற்றி எல்லோரிடமும் பேசினார். தான் கொடுக்க விடாததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டு வருடம் கழித்து அண்ணியின் இரண்டாவது குழந்தைக்கும் ஒன்பது மாதம் முடிந்தது. அப்போதும் கம்பம் நட்டிருந்தது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்து, நித்யஸ்ரீயைக் கையில் பிடித்துக்கொண்டு, அண்ணி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பஸ் ஏறக் கிளம்பினாள். கோயில் பந்தலில் நாலு பேரோடு உட்கார்ந்திருந்த பெரியப்பா, "அம்மணி, கம்பம் நட்டிருக்குது" என்றார்.

"தெரியுமுங்க மாமா" என்று சொல்லிவிட்டு அண்ணி நடந்தாள்.

நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் குரலைக் குழைத்துப் பேத்தியைக் கூப்பிட்டார். "நித்யா, தாத்தாகிட்ட வா கண்ணு."

குழந்தை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தது. அவர் இன்னும் சத்தமாக, இன்னொரு தடவை கூப்பிட்டார்.