டாக்டரம்மா தொப்பிக்கு அடியில் ஒரு கரண்டி

தீவு நகரத்துச் சௌராஸ்தா மார்க்கெட்டில் அந்தக் கதை காலை எட்டு மணிக்குக் கிளம்பியது. கொழுத்த குழந்தைக்குப் பரிசு கொடுக்கிற பிள்ளைக் காட்சியில், ஐந்நூறு பேர் முன்னால், ஆறு மாதத்துக் குழந்தை ஒன்று வாயைத் திறந்து தன் வயதைத் தானே சொல்லிவிட்டதாம். ஆயர் ஈத்தாம் டிராமில் ஏறியபோது குழந்தை அதை இங்கிலீஷில் சொன்னதாக ஆயிற்று. கெலுகோர் போய்ச் சேர்வதற்குள், பொய் சொன்னவள் யார் என்று விரலை நீட்டியும் காட்டிவிட்டது. எல்லாவற்றுக்கும் காரணம், பிள்ளை நிறுக்கிற ரோசம்மா அதன் காதில் எதையோ ஓதியதுதான் என்று மீன் வாங்க வந்தவர்கள்கூடச் சத்தியம் செய்தார்கள்.

குழந்தை பேசியது பொய். காட்சி நடந்தது மெய். ரோசம்மாவின் வேலைக்கு அன்று உலை வைக்கப் பார்த்ததும் மெய். நடந்ததை நடந்தபடி கேட்டாலும் சுவாரசியத்துக்கு ஒன்றும் குறைவில்லை.

ரோசம்மாவுக்கு அப்போது நாற்பதைத் தொடும் வயது. ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள். பாடல் மட்டும் எப்போதும் ஒரு வரி பிந்தி வரும். நகரத்தில் தாய்மாருக்கென்று நடந்த ஓர் இலவச மருந்தகத்தில் குழந்தைகளைத் தராசில் போட்டு நிறுத்து, ராத்தலும் மாதமும் அட்டையில் எழுதுவது அவள் வேலை. எழுத்து தெரியாது, எண் தெரியும். அந்த வேலைக்கு எண்ணே போதும்.

அதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் ஆயா. பதினோரு வீடு, பதினோரு குழந்தை. பிறந்த கையோடு கூப்பிடுவார்கள். பிள்ளை எழுந்து நாலடி வைத்ததும் வீட்டுக்காரர்கள் கைதட்டுவார்கள், ரோசம்மா பெட்டியைக் கட்டுவாள். அதனால் முதல் வருஷத்துக் குழந்தையைப் பற்றி அவளுக்குத் தெரியாதது கிடையாது. அதற்கு மேல் வளர்ந்த பிள்ளைகளை அவள் மனிதர்கள் கணக்கில் சேர்த்துவிடுவாள். அவர்களிடம் அவளுக்கு அக்கறை இல்லை.

மத்தியானத்தில் குழந்தையும் தூங்காமல், தானும் தூங்காமல் உட்கார்ந்திருக்கும்போது பொழுது போக வேண்டுமே. பக்கத்து வீட்டு ஆயா மஹ்பூபாவும் அவளும் பிஸ்கட்டுக்குப் பந்தயம் கட்டுவார்கள். மூன்றாம் மாதத்தில் குழந்தை தன் கையையே யாரோ அனுப்பிவைத்த விருந்தாளி மாதிரி திருப்பித் திருப்பிப் பார்க்கும். அந்தப் பார்வை என்றைக்குத் தொடங்கும்? ஒரு பந்தயம். புது முகத்தைக் கண்டு என்றைக்கு அலறும்? இன்னொன்று. ரோசம்மாவுக்கு ரொம்பப் பிடித்தது கரண்டி ஆட்டம். பளபளவென்று ஒரு பால் கரண்டியைக் காட்டுவது, பிள்ளை கை நீட்டும்போது துணியைப் போட்டு மூடுவது. ஆறு மாதத்துப் பிள்ளை அப்படியே விட்டுவிடும். கண்ணுக்குத் தெரியவில்லையா, கரண்டியே உலகத்தில் இல்லை. ஒன்பது மாதம் போனால் துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு எடுக்கும். பதினோரு பிள்ளையில் ஒன்றுகூட ஐந்தரை, ஆறு மாதத்தில் துணியைத் தூக்கியதில்லை. மஹ்பூபா தோற்ற பிஸ்கட்டுகளை அடுக்கினால் டின் நிறையும்.

இனி காட்சிக்கு வருவோம். தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம், கடலோர எஸ்பிளனேடு பக்கத்தில் ஒரு மண்டபம். ஏழு மாதத்துக்கு உட்பட்டவர்களுக்கு ஒரு பிரிவு, அதற்கு மேல் இன்னொரு பிரிவு. மண்டபம் முழுக்கப் பவுடர் வாசனை, பால் வாசனை, வேறு வாசனையும். நடுவர், ரோசம்மா வேலை பார்த்த மருந்தகத்தை நடத்திய வெள்ளைக்கார டாக்டரம்மா. மதராஸில் சில வருஷம் இருந்தவள், தமிழ் பேசுவாள். குழந்தைகளைக்கூட 'நீங்கள்' என்றுதான் கூப்பிடுவாள்.

யோகம்மாவின் மகன் நாகநாதனை மேசையில் உட்காரவைத்தபோது மண்டபமே திரும்பிப் பார்த்தது. யோகம்மா யாழ்ப்பாணத்துக் கிளார்க்கர் வீட்டு அம்மா. பையன் இருபது ராத்தல். கீழே இரண்டு பல். தொடையில் மடிப்பு மடிப்பாகச் சதை. அட்டையில் ரோசம்மா கையால் எழுதியது: ஆறு.

"ஆறு மாசமா?" என்றாள் ஐரீன். ஈப்போவிலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அவள் மகன் ஹென்றியும், ஈப்போவில் எழுதிவந்த அட்டையோடு, அதே பிரிவு. "யோகம்மாக்கா, போன வாரம் எங்கிட்ட ஒம்பதுன்னு சொன்னீங்க. பால்காரர்கிட்ட பத்துன்னு சொன்னீங்களாம். மாசம் முன்னால போகுமா, பின்னால போகுமா?"

யோகம்மாவின் முகம் வெளுத்தது. அவள் அப்படியெல்லாம் சொன்னது உண்மைதான். பிள்ளையைப் பார்க்கிறவர் கண் எவ்வளவு விரிகிறதோ, அவ்வளவு மாதம் கூட்டிச் சொல்வது அவள் வழக்கம். ஆறு மாதத்துக்கு இவ்வளவு உடம்பா என்று வாயைப் பிளந்தால் திருஷ்டி மாதிரி நாவூறு பட்டுவிடும். பத்து மாதம் என்றால் 'அப்படியா' என்று போய்விடுவார்கள். தெருவில் ஆளுக்கொரு வயது. ரோசம்மாவின் காதில் மட்டும்தான் சரியான மாதத்தைச் சொல்லியிருந்தாள், அதுவும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு.

"நாவூறுக்குப் பயந்து கூட்டிச் சொன்னனான், டொக்டர்," என்றாள் யோகம்மா. "பிள்ளைக்கு ஆறு மாசந்தான். பிறப்புப் பத்திரம் நிபோங் திபால்ல அக்கா வீட்டில கிடக்கு."

"பத்திரம் எப்பவும் கடலுக்கு அந்தப் பக்கந்தான் இருக்கும்," என்றாள் ஐரீன். பிறகு ரோசம்மா பக்கம் திரும்பினாள். "எழுதின கை யாரோடது? ரோசம்மாக்கா, பெரிய வீட்டு அம்மான்னதும் மாசம் குறையுதா?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "ரோசம்மா, அட்டையில் பொய் இருந்தால் நாளை முதல் தராசு உங்களுக்கு இல்லை. உங்களுக்கு எப்படித் தெரியும், ஆறு என்று?"

ரோசம்மா மனசுக்குள் கணக்குப் போட்டாள். தராசு போனால் வேறு வேலை இல்லை. பொய்க்காரி என்று பேர் வாங்கினவளை ஆயாவாகவும் யாரும் சேர்க்கமாட்டார்கள். யோகம்மாவின் வாய் ஊரெல்லாம் வயதை மாற்றியிருக்கிறது; அந்த வாயை நம்பி ஒரு பலனும் இல்லை.

"வாயால சொன்னா வம்பு, டாக்டரம்மா," என்றாள். "பிள்ளையோட கையைக் கேட்போம். உங்க தொப்பியைக் கொஞ்சம் குடுங்க."

பிள்ளைகளின் அம்மாக்கள் நாற்காலியில் ஏறி நின்றார்கள். முதலில் ரோசம்மா ஒரு பொரியை மேசைமேல் வைத்தாள். நாகநாதன் பார்த்தான். ஐந்து விரலையும் அகல விரித்து, வாசல் குப்பையைக் கூட்டுகிற மாதிரி வாரினான். பொரி நழுவியது. மறுபடியும் வாரினான். மறுபடியும் நழுவியது. வாய்க்குப் போவதற்குள் ரோசம்மா அதை எடுத்துக்கொண்டாள்.

"பத்து மாசத்துப் பிள்ளை ரெண்டு விரலால கிள்ளி எடுக்கும்," என்றாள்.

"சில பேருக்குக் கை மந்தம்லா," என்றாள் ஐரீன்.

"சரி. மந்தமில்லாததைப் பார்ப்போம்."

மேசை ஓரத்தில் கிடந்த பால் கரண்டியை எடுத்து அவன் கண்ணுக்கு முன்னால் ஆட்டினாள். நாகநாதன் 'ஹெ' என்று குதித்துக் கை நீட்டினான். ரோசம்மா கரண்டியை மேசையில் வைத்துப் பாதியைத் தொப்பியால் மூடினாள். வெளியே தெரிந்த காம்பைப் பிடித்து அவன் ஒரே இழுப்பு. கரண்டி வாயில். மண்டபம் சிரித்தது.

மெல்ல வாங்கிக்கொண்டு, இந்தத் தடவை அவன் பார்க்கப் பார்க்கவே முழுக்க மூடினாள்.

ஐந்நூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். நாகநாதன் தொப்பியைப் பார்த்தான். பிறகு கையை நீட்டினான். கை தொப்பியின் விளிம்பைப் பிடித்தது. இழுத்தது. விளிம்பு ஓர் அங்குலம் உயர்ந்தது.

"தூக்குறான் பாரு, தூக்குறான்," என்றாள் ஐரீன்.

யோகம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

நாகநாதன் குனிந்து, டாக்டரம்மாவின் தொப்பி விளிம்பை வாயில் வைத்துச் சப்பினான். நன்றாகவே சப்பினான். எச்சில் வடிந்தது. சலித்துப்போய் விளிம்பை விட்டான். தொப்பி பொத்தென்று பழையபடி உட்கார்ந்தது. அடியில் கரண்டி கிடந்த நினைப்பே அவனுக்கு இல்லை. டாக்டரம்மா கழுத்தில் ஆடிய மூக்குக்கண்ணாடிச் சங்கிலியைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டி, முன்பின் தெரியாத அந்த வெள்ளை முகத்தைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தான்.

"புது ஆளுகிட்டப் போறான் பாருங்க," என்றாள் ரோசம்மா. "பத்து மாசமா இருந்தா இந்நேரம் உங்களைப் பார்த்து மண்டபத்தையே அலறடிச்சிருப்பான். கரண்டி போயிருச்சு, அவனுக்கு அது இல்லவே இல்லை. மூணு தரம் வேணாலும் செஞ்சு பாருங்க."

டாக்டரம்மா தன் கையாலேயே மூன்று தரம் செய்து பார்த்தாள். நாகநாதன் மூன்று தரமும் மறந்தான். நாலாவது தரம் தூங்கத் தொடங்கினான்.

"சுவாரசியம்," என்றாள் டாக்டரம்மா. "ஆனால் ஒரு பிள்ளை போதாது. இதே வயதில் இன்னொருவர் வரட்டும்."

ஐரீன் யாரும் கேட்பதற்குள் ஹென்றியை மேசையில் இறக்கிவிட்டாள். "எம்மவன் ஆறரை மாசம். இவனைப் பாருங்க, டாக்டரம்மா. ரொம்பக் கெட்டிக்காரன்."

ஹென்றி டாக்டரம்மாவைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அம்மாவின் சேலையைத் தேடினான். ரோசம்மா பொரியை வைத்தாள். ஹென்றி ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் சேர்த்து, பொற்கொல்லன் கல் எடுக்கிற பதமாக எடுத்தான். ரோசம்மா ஐரீனை ஒரு பார்வை பார்த்தாள். ஐரீனுக்கு அந்தப் பார்வை புரியவில்லை. பெருமையில் தலையை ஆட்டினாள்.

கரண்டி. தொப்பி. ஹென்றி தொப்பியைத் தட்டிவிட்டான். தொப்பி உருண்டு தரையில் விழுந்தது. கரண்டியை எடுத்து மேசையில் டங் டங்கென்று அடித்தான்.

"பாத்தீங்களா," என்று ஐரீன் கைதட்டினாள். அவளோடு நாலைந்து பேர் தட்டினார்கள். பிறகு ஒருவர் நிறுத்தினார். பிறகு எல்லாரும் நிறுத்தினார்கள். ஐரீனின் கை மட்டும் இன்னும் இரண்டு தரம் தட்டியது. மூன்றாவது தட்டு பாதியில் நின்றது.

மண்டபத்தில் ஹென்றியின் கரண்டிச் சத்தம் மட்டும்.

"கெட்டிக்காரப் பிள்ளை சீக்கிரமும் செய்யும்," என்றாள் ரோசம்மா மெதுவாக. "இதை வச்சு உன்னைப் பொய்க்காரின்னு நான் சொல்லமாட்டேன். நீயே சொல்லு, தங்கச்சி. இவனுக்கு எத்தனை மாசம்?"

ஐரீன் மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "ரெண்டு மாசந்தான் குறைச்சேன்," என்றாள். பிறகு, "ரெண்டரை," என்றாள். "எல்லாரும் குறைப்பாங்கன்னு நெனச்சேன்லா. இந்த அம்மா கூட்டிச் சொல்ற ஆளுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

சிரிப்பு கூரையில் முட்டியது. யோகம்மாகூடச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். டாக்டரம்மா தொப்பியைத் தரையிலிருந்து எடுத்து, ஈரமான விளிம்பைப் பார்த்து, தலையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். ஹென்றியை அடுத்த பிரிவுக்கு மாற்றி எழுதினாள். "ரோசம்மா, திங்கட்கிழமை அரை மணி முன்னால் வாருங்கள். அந்தத் தராசு அறையில் எனக்கும் இந்த ஆட்டம் சொல்லிக்கொடுங்கள்," என்றாள்.

முதல் பரிசு, காட்சி முழுக்க ஒரு தரம்கூட விழிக்காத சீனக் குழந்தைக்குப் போனது. நாகநாதனுக்கு இரண்டாம் பரிசு, ஒரு கிலுகிலுப்பை. ஹென்றிக்கு ஒன்றும் இல்லை. ஆனால் கரண்டியை அவன் கையிலிருந்து யாராலும் பிடுங்க முடியவில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான்.

ரோசம்மா மார்க்கெட்டுக்கு வந்தது நாலு நாள் கழித்து. அதற்குள் கதை ஊரைச் சுற்றிவிட்டு வந்திருந்தது. காய்கறிக்காரி சின்னம்மா தராசைப் பாதியில் விட்டுவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, நீங்க காதுல ஓதினதும் அந்தப் பிள்ளை இங்கிலீஷ்ல வயசு சொல்லுச்சாமே. எங்க தெருவுல நூறு பேரு சொல்றாங்க."

ரோசம்மா கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்து, சொத்தையைத் தள்ளி வைத்தாள்.

"பிள்ளை பேசலை, நான் ஓதலை. கரண்டியை மூடினேன், அது மறந்துச்சு, அவ்வளவுதான். பேசத் தெரிஞ்சிருந்தா, அதுவும் அவங்க அம்மா மாதிரி மாசத்தைக் கூட்டித்தான் சொல்லியிருக்கும்."