ஆட்டோவில் போகும் என் குரல்

சாரம் ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது நான் பேசுவது எனக்குக் கேட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. மழை பெய்து சேறாகிக் கிடந்த தெருவில் ஓர் ஆட்டோ மெதுவாக வந்தது. அதன் தலையில் கட்டியிருந்த ஒலிபெருக்கியில் நான் எல்லோருக்கும் வணக்கம் சொன்னேன். கண் பரிசோதனை முகாம் நடக்கிறது, வீட்டில் இருக்கும் பெரியவர்களை அழைத்து வாருங்கள் என்றேன். பக்கத்தில் நின்ற பெண் தன் தோழியிடம், "எம்.பி. அம்மா பேசறாங்க பாரு, எவ்ளோ பொறுமையா சொல்றாங்க" என்றாள். அவளைப் போலவே நானும் ஆட்டோவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதை யாரிடமும் சொல்வதில்லை என்று அந்த அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். இங்கே யார் பெயரையும் எழுதப்போவதில்லை. அதனால் வாக்கு மீறியதாகாது என்று நினைக்கிறேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூச்சம் அதிகம். ரேஷன் கடையில் என் முறை வந்தால்கூடப் பின்னால் நிற்பவரை முன்னால் அனுப்பிவிட்டு, கூட்டம் குறைந்த பிறகு கேட்பேன். ஆனால் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை பூசையில் பைபிளிலிருந்து முதல் வாசகம் படிப்பதற்கு மட்டும் பயந்ததில்லை. பன்னிரண்டாவது முடித்த வருடம், படிக்க வேண்டியவருக்குக் காய்ச்சல் என்று என்னை ஏற்றிவிட்டார்கள். அதிலிருந்து நான்தான். மைக் முன்னால் நின்றால் கால் நடுங்காது. அங்கே சொற்கள் என்னுடையவை அல்ல. படித்து முடித்ததும் இறங்கி வந்துவிடலாம், யாரும் திருப்பி என்னை எதுவும் கேட்கமாட்டார்கள். வாரம் முழுவதும் பேசாமல் இருந்ததற்கு அந்த ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது.

பிழைப்புக்கு அந்த அம்மாவின் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். மில் கேட்டில் ஷிப்ட் விடும் நேரத்தில் மூன்று சக்கர வண்டியில் எவர்சில்வர் பாத்திரம் வைத்து விற்றவர் அவர். என் மாமியார் வீட்டுக் குடமே அவரிடம் வாங்கியதுதான். மில்கள் மூடின. அவர் அதற்குள் கடை பிடித்து, மிக்ஸி, பிரிட்ஜ் என்று போய்விட்டார். பிறகு கல்யாண மண்டபம், காலேஜ் பஸ்கள், கடைசியில் காலேஜே. இத்தனைக்குப் பிறகும் பண்டிகை நாளில் கடைக்குள் வந்து, பாத்திரத்தை விரலால் சுண்டிப் பார்த்து, "இது கனம் பத்தாது, உள்ள எடுத்து வை" என்று சொல்வார். கெட்டிக்காரி. நல்லவரும்தான்.

எங்கள் ஸ்டோர் கீப்பர் இறந்தபோது அடக்கப் பூசைக்கு அவர் வந்திருந்தார். அன்றும் நான்தான் வாசித்தேன். மறுநாள் மாடிக்குக் கூப்பிட்டார்.

"நேத்து கோயில்ல படிச்சது நீதானே?"

"ஆமாங்கம்மா."

"இங்க ஒண்ணு கேட்டா வாயில கொழுக்கட்ட வச்ச மாதிரி நிக்கற. அங்க மட்டும் எப்டி?"

நான் தரையைப் பார்த்தேன்.

"கேபிள் டி.வி.க்கு விளம்பரம் எடுத்தாங்க. நான் பேசனத போட்டுக் காட்டறாங்க, தகரத்தத் தரையில இழுக்கற மாதிரி இருக்குது. எவன் வந்து சாமான் வாங்குவான்? மூஞ்சி என்னுது இருக்கட்டும். பேச்சு நீ பேசு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "வெளிய சொல்லிக்காத. நம்ம ரெண்டு பேரையும் பாத்துச் சிரிப்பாங்க" என்றார்.

போட்டோக் கடைக்கு மேலே ஒரு சிறிய அறையில் ஒலிப்பதிவு. சுவரெல்லாம் தெர்மாகோல் ஒட்டியிருக்கும். சத்தம் பதிவாகும் என்று ஃபேனை நிறுத்திவிடுவார்கள். வேர்த்து ஊற்றும். எதிரே திரையில் அம்மா பேசிக்கொண்டிருப்பார், சத்தமில்லாமல். அவர் உதடு திறக்கும்போது நான் தொடங்கி, மூடும்போது முடிக்க வேண்டும். சில மாதங்களில் அவர் எங்கே மூச்சு விடுவார், எந்தச் சொல்லுக்கு முன்னால் தலையைச் சாய்ப்பார் என்பதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. சாப்பிடும்போது என் தலையும் அப்படிச் சாய்கிறது என்று என் கணவர் ஒருநாள் சொன்னார். அவர் லாஸ்பேட்டையில் ஒரு காலேஜில் செக்யூரிட்டியாக இருக்கிறார். விஷயம் தெரிந்தவர் வீட்டில் அவர் ஒருவர்தான். "இன்னா முதலாளியம்மா, இன்னைக்கு இன்னா கொழம்பு?" என்று கேலி பேசுவார். அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது.

ஊருக்கு அது அவர் குரலாகிவிட்டது. கோயிலில் கூடிப் பேசும் பெண்கள், நான் அவரைப் போலப் பேசிப் பழகுகிறேன் என்று முடிவு செய்தார்கள். பூசை முடிந்து செருப்பு மாட்டும் இடத்தில் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி, "இன்னாக்கா, அச்சு அசலா கடைக்காரம்மா மாதிரியே வாசிக்கறீங்க. சம்பளம் எதுனா ஏத்தித் தருவாங்களா?" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அந்தக் கோயிலில் நான் வாசிக்க ஆரம்பித்தபோது கடைக்கு விளம்பரமே கிடையாது. ஒருவருக்கும் அது நினைவில் இல்லை.

பிறகு அந்த அம்மாவுக்குப் பாராளுமன்றத் தேர்தலில் நிற்க ஒரு கட்சி சீட்டுக் கொடுத்தது. அவர் மேடையில் சொந்தக் குரலில் பேசினால் எல்லாம் தெரிந்துவிடும், கொடுத்த வாக்கிலிருந்து எனக்கு விடுதலை கிடைக்கும் என்று மனதுக்குள் எதிர்பார்த்தேன். முதல் கூட்டத்துக்குக் கருவடிக்குப்பம் வரை போய்க் கடைசி வரிசையில் நின்றேன். அவர் பேசினார். தகரம் இழுபட்டது. எனக்கு முன்னால் நின்றவர் பக்கத்தில் இருந்தவரிடம், "பாவம்பா, ஊர் ஊரா கத்திக் கத்தித் தொண்ட போயிடுச்சு அவங்களுக்கு" என்றார். மற்றவர், "மிளகு போட்டுப் பால் குடிக்கணும்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிரச்சாரத்துக்குப் போகிற எல்லோருக்கும் தொண்டை கட்டும். அந்த ஊர் வழக்கத்துக்குப் பின்னால் அவருடைய சொந்தக் குரல் மறைந்துகொண்டது. கட்டின தொண்டையே அவருக்கு ஓட்டு வாங்கிக் கொடுத்தது. நல்ல தொண்டை, நான் அந்த அறையில் பேசிக் கொடுத்தது, ஆட்டோக்களில் போனது. காலையில் வாசல் பெருக்கும்போது வரும். மத்தியானம் கண் அசந்தால் வரும். உங்கள் வீட்டுப் பெண்ணாக நினைத்து எனக்கு வாக்களியுங்கள் என்று என் வீட்டு வாசலிலேயே நின்று என்னைக் கேட்கும்.

அந்த வாரங்களில் ஒரு நாள் எங்கள் கோயிலின் பங்குச் சாமியார் கூப்பிட்டனுப்பினார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. ரெண்டு மூணு பேரு வந்து சொல்லிட்டாங்க. வாசகம் கேக்கும்போது ஓட்டு கேக்கற மாதிரி இருக்குதாம். அந்தப் பக்கக் கட்சிக்காரங்களும் நம்ம கோயிலுக்கு வர்றவங்கதானே. தேர்தல் முடியற வரைக்கும் வேற யாராவது வாசிக்கட்டும்."

"சரிங்க சாமி."

"இதெல்லாம் விளையாட்டா ஆரம்பிக்கறதுதான். பழகிட்டா விடாது. அவங்கள மாதிரி பேசறத விட்டுடுங்க, என்ன?"

சரி என்றுதான் மறுபடியும் சொன்னேன். வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டு நிழலில் கொஞ்ச நேரம் நின்றேன். எனக்கென்று வெளி உலகத்தில் இருந்தது அந்த வாசக மேடை ஒன்றுதான். தேர்தல் முடிந்தால் ஆட்டோக்கள் நின்றுவிடும், மேடை திரும்பக் கிடைத்துவிடும் என்று என்னையே தேற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

அவர் ஜெயித்தார். தில்லியில் பதவி ஏற்பதை டி.வி.யில் காட்டினார்கள். கடையில் விற்பனைக்கு வைத்திருந்த டி.வி.க்கள் எல்லாவற்றிலும் ஒரே சமயத்தில் அவர் நின்று, தமிழில் உறுதிமொழி எடுத்தார். தொண்டை இன்னும் சரியாகவில்லை என்று கடையில் எல்லோரும் வருத்தப்பட்டார்கள்.

ஆனால் ஆட்டோக்கள் நிற்கவில்லை. முகாம், திறப்பு விழா, நன்றி அறிவிப்பு என்று ஏதாவது வந்துகொண்டே இருந்தது; அதனால் எனக்கு மேடையும் திரும்பக் கிடைக்கவில்லை. ஒலிப்பதிவுக்கு என்னைக் கூப்பிடுவது மட்டும் நின்றுபோனது. பழைய பதிவுகளைத்தான் வெட்டி ஒட்டிப் போடுகிறார்கள் என்று நினைத்தேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் என் போன் அடித்தது. எடுத்தேன். வணக்கம் என்றது என் குரல். எங்கள் பங்குக் கோயிலின் பெயரைச் சொல்லி, அந்தப் பகுதி மக்களுக்குத் திருநாள் வாழ்த்துக் கூறியது. அந்தப் பெயரை நான் ஒருநாளும் அந்த அறையில் சொன்னதில்லை. நடுவில், அம்மா தலையைச் சாய்க்கும் இடத்தில், மூச்சுகூட விட்டது. நான் போனைக் காதிலிருந்து எடுக்காமல், "யாரு?" என்று கேட்டேன். அது நான் கேட்டதைக் கவனிக்காமல் வாழ்த்தி முடித்துவிட்டு வைத்துவிட்டது.

ஒலிப்பதிவுக்காரரைக் கேட்டேன். "கம்ப்யூட்டர்ல ஒங்க பழைய வாய்ஸெல்லாம் குடுத்தோம்க்கா. இனிமே எது எழுதிக் குடுத்தாலும் அதுவே பேசும். ஒங்களுக்கு அலைச்சல் மிச்சம்" என்றார் சந்தோஷமாக.

பொங்கலுக்கு அம்மா ஊருக்கு வந்திருந்தபோது அவர் வீட்டுக்குப் போனேன். கரை வேட்டிகள் நிறைய உட்கார்ந்திருந்தன. என்னைப் பார்த்ததும் உள் அறைக்கு அழைத்துக்கொண்டு போனார். கதவைச் சாத்தியதும் அவர் முகம் தளர்ந்தது.

"சொல்லு. எதுனா வேணுமா?"

"எங்க சாமியார்கிட்ட மட்டும் உண்மையச் சொல்லிக்கறேம்மா. அவர் ஒருத்தர்கிட்ட மட்டும். திரும்ப வாசிக்க விடுவாங்க."

 அவர் நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"தில்லியில நான் பேச எழுந்தா ஒருத்தரும் தலைய நிமிர்றதில்ல, தெரியுமா? இங்க என் பேத்தி போன்ல நான் பேசனா, இது ஆட்டோ ஆயா இல்ல, வேற ஆயான்னு சொல்லுது. ஆட்டோ ஆயாவக் கூப்பிடுங்கறா." சிரிக்க முயன்றார். "எனக்கும் அது போன குரல்தான். இருந்ததேயில்ல, ஆனா போயிட்ட மாதிரி இருக்குது."

சாத்திய கதவை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"சாமியார் நல்லவருதான். ஆனா ஒரு காதுக்குப் போனா ஒம்போது காதுக்குப் போவும். இப்ப முடியாதும்மா. நீ கோவிச்சுக்காத."

கோபம் வரவில்லை. அவருடைய சொந்தக் குரலை அத்தனை நேரம் கேட்டவள் அன்று நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று தோன்றியது. வாசல் வரை வந்து வழியனுப்பினார், கரை வேட்டிகள் எழுந்து நிற்க.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் தொடங்குவதற்கு முன் சாமியார் அவராகவே கூப்பிட்டார். "எத்தன நாளைக்குத்தான் ஒதுங்கி இருப்பீங்க. வர்ற ஞாயிறு வாசிங்க. ஆனா ஒண்ணு, உங்க சொந்தக் குரல்ல வாசிக்கணும்."

அந்த வாரம் சமையலறையில் வைத்துப் பழகினேன். குரலை இறக்கிப் பார்த்தேன். வேகமாகப் படித்தேன். மூச்சை இடம் மாற்றி விட்டேன். தலை சாயாமலிருக்கச் சுவரில் ஒட்டி நின்றேன். என்னிடம் இல்லாத ஒருத்தியை எங்கிருந்தோ கூட்டி வருவது போலிருந்தது. வெள்ளிக்கிழமை அவள் வந்துவிட்டாள். கொஞ்சம் கட்டையான, அவசரமான குரல். ஒரு பத்தியை முழுதாகப் படித்தேன். கூடத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர், "யாரு வந்துருக்கறது?" என்று கேட்டார்.

 எந்தக் குரலில் பதில் சொல்வது என்று யோசிப்பதற்குள் அவர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். என்னைத் தவிர யாரும் இல்லை என்று கண்டதும் அவர் கேலி எதுவும் பேசவில்லை. டம்ளரில் தண்ணீர் மொண்டு கொடுத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மேடை ஏறினேன். முதல் முறையாகக் கால் நடுங்கியது. அந்தக் கட்டைக் குரலில் முதல் வரியைத் தொடங்கினேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, யாரும் யாரிடமும் குசுகுசுக்கவில்லை. சாமியார் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பூசை முடிந்ததும் பக்கத்துத் தெருப் பெண் என் கையைப் பிடித்து, "இப்பதான்க்கா ஒங்க குரல்ல கேட்ட மாதிரி இருந்துச்சு" என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

மாதத்தில் இரண்டு ஞாயிறு வாசிக்கிறேன். வாசகம் முடிந்ததும் எல்லோருமாக 'இறைவா உமக்கு நன்றி' என்று வழக்கமான பதிலைச் சொல்வார்கள். முன்பெல்லாம் அது எனக்கே சொல்வதுபோல என்மேல் வந்து விழும். இப்போது நான் புத்தகத்தை மூடிவிட்டு, அவர்கள் பதில் சொல்லி முடிக்கும்வரை, யாரோ ஒருத்திக்கு வழி விடுவதுபோல மைக்கைவிட்டு ஓரமாகத் தள்ளி நிற்கிறேன்.